வைக்கோலில் இருந்து எத்தனால்: தொழில்நுட்பம் இருக்கு, ஆலையும் இருக்கு... விலை ஏன் இறங்கவில்லை?

ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் டிவியில் ஒரே காட்சி வரும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் தீ, டெல்லி மேல் புகை, மூக்கை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வைக்கோலை எரிக்கும் விவசாயிக்கு அபராதம் என்ற செய்தியும் கூடவே வரும். 2024 நவம்பரில் மத்திய அரசு அந்த அபராதத்தை இரட்டிப்பாக்கியது. 5 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தால் 30 ஆயிரம் ரூபாய்.

அதே வைக்கோலை எத்தனாலாக மாற்றி, பெட்ரோலில் கலக்கும் ஆலையும் அதே ஹரியானாவில்தான் இருக்கிறது. பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய அந்த ஆலையை 2022 ஆகஸ்ட் 10-ம் தேதி பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் உள்ளே போகும், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் வெளியே வரும் என்பது திட்டம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் சேருகிறது. பானிப்பட் மாதிரி ஓர் ஆலை எடுத்துக்கொள்வது அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அப்படியென்றால் இப்படி நூறு ஆலை ஏன் வரவில்லை?

பதிலின் பெரிய பகுதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளில் இருக்கிறது. அதுதான் என்சைம். தமிழ்ப் பாடப் புத்தகங்களில் நொதி என்று படித்திருப்பீர்கள்.

1ஜி, 2ஜி: இது செல்போன் விஷயம் இல்லை

இப்போது பங்க்கில் நீங்கள் போடும் பெட்ரோலில் சுமார் 20 சதவீதம் எத்தனால். இ20 என்று சொல்வது இதைத்தான். 2030-ல் எட்ட வேண்டும் என்று முதலில் வைத்திருந்த இந்த இலக்கை அரசு முன்கூட்டியே கொண்டுவந்து, 2025-ல் எட்டிவிட்டது.

இந்த எத்தனாலில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? கரும்புச் சாறு, வெல்லப்பாகுக் கழிவான மொலாசஸ், மக்காச்சோளம், அரிசி. இதைத்தான் முதல் தலைமுறை, அதாவது 1ஜி எத்தனால் என்கிறார்கள். 2024-25 எத்தனால் ஆண்டில் இந்திய உணவுக் கழகத்தின் இருப்பில் இருந்து 52 லட்சம் டன் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு விற்க அரசு அனுமதித்தது.

சாப்பிடும் பொருளை வண்டிக்கு ஊற்றுவதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போனால் கோழித் தீவன விலை ஏறுகிறது. கரும்பு என்றால் தண்ணீர்ச் செலவு.

இரண்டாம் தலைமுறை எத்தனால், அதாவது 2ஜி, சாப்பிட முடியாததில் இருந்து வருவது. வைக்கோல், கரும்புச் சக்கை, மக்காச்சோளத் தட்டை, மூங்கில் எல்லாம் இதில் சேரும். உணவோடு மோதல் இல்லை. எரிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் விலைதான் உதைக்கிறது.

சோறு இனிக்கிறது, வைக்கோல் ஏன் இனிக்கவில்லை?

ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். ஒரு நிமிடத்தில் லேசாக இனிக்கும். உங்கள் எச்சிலில் அமைலேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது சோற்றில் உள்ள ஸ்டார்ச்சை உடைத்து சர்க்கரையாக்குகிறது. அரிசி, மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். வேலை சுலபம், செலவும் குறைவு.

வைக்கோலை எவ்வளவு மென்றாலும் இனிக்காது. ஆனால் வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது! ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான். கோத்த விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் முடிச்சு தளர்வாக இருக்கிறது. செல்லுலோஸில் மாலைகள் நேராக நீண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கயிறு திரித்த மாதிரி இறுகிக் கிடக்கின்றன.

அதோடு முடியவில்லை. அந்தக் கயிற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைப் பின்னல். அதற்கு மேல் லிக்னின் என்ற பிசின். செடி காற்றில் சாயாமல் நிற்பதும், கிருமி சுலபத்தில் உள்ளே போகாமல் இருப்பதும் இந்த லிக்னினால்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா வேறு இருக்கிறது. அதாவது மணலில் இருக்கும் அதே பொருள்.

செடி கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிய கோட்டை இது. அதை மூன்று நாளில் உடை என்று ஆலை கேட்கிறது.

மூன்று கத்தரி, ஒரு வேலை

கோட்டையை உடைக்க முதல் படி, வைக்கோலைத் துண்டாக்கி, அமிலமோ காரமோ சேர்த்து, அழுத்தமான சூடான நீராவியில் வேகவைப்பது. இதில் லிக்னின் பின்னல் தளர்கிறது. அப்புறம்தான் என்சைம் உள்ளே போகும்.

ஒரே என்சைம் போதாது. ஒரு குழுவே தேவை:

• முதலாவது, செல்லுலோஸ் மாலையை நடுவில் வெட்டும். பெயர் எண்டோகுளுக்கனேஸ்.

• இரண்டாவது, வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். பெயர் செல்லோபயோஹைட்ரோலேஸ்.

• மூன்றாவது, அந்த இரட்டை மணியைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸ் ஆக்கும். பெயர் பீட்டா குளுக்கோசிடேஸ்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் வரிசை நின்றுவிடும். மூன்றாவது மெதுவாக வேலை செய்தால் இரட்டை மணி குவிந்து, இரண்டாவது என்சைமையே முடக்கிவிடும். குளுக்கோஸ் அதிகம் சேர்ந்தால் மூன்றாவதும் சோர்ந்துபோகும்.

இப்படிக் கிடைத்த குளுக்கோஸை ஈஸ்ட் தின்று எத்தனாலாக மாற்றும். இது கள் புளிக்கும் அதே வேலைதான்.

ராணுவக் கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இந்த என்சைம்களை யார் தயாரிக்கிறார்கள்? மரத்தையும் இலையையும் மட்க வைக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்தான்.

இந்தத் தொழிலின் பிரதான பூஞ்சைக்கு ஒரு போர்க்காலக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகள் வேகவேகமாக மட்கிப்போயின. பருத்தி என்பது கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். சாலமன் தீவுக்கூட்டத்தில் எடுத்த ஒரு கூடாரத் துணியில் இருந்து ஆய்வாளர்கள் அந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். ராணுவ ஆய்வுக்கூடத்தில் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால், பின்னாளில் அது டிரைக்கோடெர்மா ரீசியை என்று அழைக்கப்பட்டது.

துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆய்வு, 1970-களில் எண்ணெய் விலை ஏறியதும் எரிபொருள் ஆய்வாக மாறியது. இன்று உலகச் சந்தையில் விற்கும் செல்லுலேஸ் என்சைம்களில் பெரும்பகுதி இந்தப் பூஞ்சையின் வம்சாவளியில் வந்தவைதான். 2008-ல் இதன் மரபணு வரிசை வெளியானபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. செல்லுலோஸை உடைக்கும் மரபணுக்கள் இதில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதாவது வகைவகையான கத்தரிகள் இதனிடம் இல்லை. இருக்கும் சில கத்தரிகளைக் கொட்டிக் கொட்டித் தயாரிப்பதுதான் இதன் பலம்.

ஒரு லிட்டருக்கு என்சைம் செலவு எவ்வளவு?

இதுதான் முக்கியமான கேள்வி. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பானிப்பட் திட்டப்படி 2 லட்சம் டன் வைக்கோலுக்கு 3 கோடி லிட்டர். அதாவது ஒரு டன்னுக்கு 150 லிட்டர். ஒரு டன் வைக்கோலில் செல்லுலோஸ் ஏறத்தாழ 370 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2011-ல் வெளியிட்ட மாதிரி ஆலைத் திட்டத்தில், ஒரு கிலோ செல்லுலோஸுக்கு 20 கிராம் என்சைம் புரதம் என்ற அளவு இருந்தது.

அந்த அளவை இங்கே போட்டால், ஒரு டன் வைக்கோலுக்கு 7.4 கிலோ என்சைம். ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 49 கிராம்.

இப்போது விலையைப் பொருத்திப் பாருங்கள்:

• என்சைம் புரதம் கிலோ 400 ரூபாய் என்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 20 ரூபாய் என்சைமுக்கே போய்விடும்.

• கிலோ 200 ரூபாய் என்றால், சுமார் 10 ரூபாய்.

• கிலோ 100 ரூபாய் என்றால், சுமார் 5 ரூபாய்.

இது ஓர் உதாரணக் கணக்குதான். ஆனால் அளவு புரியும். கரும்புச் சாற்றில் இருந்து எடுத்த எத்தனாலுக்கு 2024-25 ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலையே லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. அதில் 20 ரூபாய் என்சைமுக்குப் போனால் வைக்கோல், நீராவி, ஆள் கூலி, கடன் வட்டி எல்லாவற்றையும் மிச்சத்தில்தான் முடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். என்சைம் செலவு என்பது பாட்டிலின் விலை மட்டும் இல்லை. கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2012-ல் மக்காச்சோளத் தட்டைக்கு இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். தட்டையில் உள்ள சர்க்கரை முழுதும் எத்தனாலானால், ஒரு கேலனுக்கு என்சைம் செலவு 68 சென்ட். நடைமுறையில் அதுவரை கிடைத்திருந்த விளைச்சலை வைத்துப் பார்த்தால் 1 டாலர் 47 சென்ட். என்சைம் அதேதான், விலையும் அதேதான். எத்தனை லிட்டர் எடுக்கிறோம் என்பதில்தான் செலவு இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது.

விலையைக் குறைக்க என்ன வழி?

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, நோவோசைம்ஸ், ஜெனென்கோர் என்ற இரண்டு பெரிய என்சைம் நிறுவனங்களுக்கு நிதி கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே செலவை 20 முதல் 30 மடங்கு வரை குறைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. சுலபமாகக் குறைக்க முடிந்ததெல்லாம் அப்போதே குறைந்துவிட்டது. மிச்சம் இருப்பதற்கு நான்கு வழிகளில் முயற்சி நடக்கிறது.

முதல் வழி, பூஞ்சையின் பிரேக்கை எடுப்பது. பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தால் பூஞ்சை என்சைம் தயாரிப்பதை நிறுத்திவிடும். சாப்பாடு கையில் இருக்கும்போது எதற்கு உழைக்க வேண்டும்? டெல்லியில் உள்ள ஐசிஜிஇபி ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள், புனே தேசிய நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் இருந்த பெனிசிலியம் ஃபுனிகுலோசம் என்ற பூஞ்சையில் இந்த பிரேக்காக வேலை செய்யும் மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். என்சைம் உற்பத்தி கூடியது. அந்த ஆய்வு 2018-ல் வெளியானது.

இரண்டாவது வழி, புதிய கத்தரி. நார்வே ஆய்வாளர்கள் 2010-ல் எல்பிஎம்ஓ என்ற புதுவகை என்சைமின் வேலையைக் கண்டறிந்தார்கள். இது ஆக்சிஜனைப் பயன்படுத்தி, இறுகிய பரப்பையே நேரடியாகக் கீறிவிடும். முதலில் நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே செல்லுலோஸிலும் இதே வேலை உறுதியானது. இது கலந்தால் பழைய மூன்று கத்தரிகளும் குறைந்த அளவிலேயே வேலையை முடிக்கின்றன.

மூன்றாவது வழி, ஆலை வாசலிலேயே என்சைம் தயாரிப்பது. கடையில் வாங்கும் திரவ என்சைமில் கணிசமான பகுதி தண்ணீர்தான். கெடாமல் இருக்க மருந்து, சுத்திகரிப்பு, லாரி வாடகை எல்லாம் விலையில் ஏறும். ஆலைக்குள்ளேயே ஒரு தொட்டியில் பூஞ்சையை வளர்த்து, குழாய் வழியாக அப்படியே பக்கத்துத் தொட்டிக்கு அனுப்பினால் இந்தச் செலவு மிச்சம்.

நான்காவது வழி, ஒருமுறை போட்டதைத் திரும்பப் பயன்படுத்துவது. மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் உள்ள உயிரி எரிசக்தி மையம் உருவாக்கிய முறை இந்தப் பாதையில் போகிறது. உத்தராகண்டின் காஷிபூரில் ஒரு நாளைக்கு 10 டன் கழிவைக் கையாளும் மாதிரி ஆலையாக 2016-ல் இது தொடங்கப்பட்டது.

என்சைம் மலிவானால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு வெளிநாட்டு அனுபவமே சாட்சி.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டுபான்ட் நிறுவனம் 2015-ல் பெரிய 2ஜி ஆலையைத் திறந்தது. மேலே சொன்ன ஜெனென்கோரை ஏற்கெனவே வாங்கியிருந்ததால் என்சைமும் அவர்களுடையதுதான். இருந்தும் டவ் நிறுவனத்துடன் இணைந்த பிறகு 2017-ல் இந்தத் தொழிலில் இருந்தே வெளியேறினார்கள். இத்தாலியின் கிரெசென்டினோ ஆலையில் நோவோசைம்ஸே பங்குதாரர். அதுவும் 2017-ல் நின்றது, பின்னர் கை மாறியது. கிளாரியன்ட் நிறுவனமும் தன் சொந்த என்சைமை நம்பி ருமேனியாவில் ஆலை கட்டியது. அதை மூடும் முடிவு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

கையில் என்சைம் இருந்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள் என்றால், சிக்கல் வேறு இடங்களிலும் இருக்கிறது என்று அர்த்தம். வைக்கோல் கட்டோடு மண்ணும் கல்லும் வந்து இயந்திரத்தை அடைக்கின்றன. அறுவடை சில வாரம்தான், ஆலையோ ஆண்டு முழுக்க ஓட வேண்டும். அதனால் மலை மாதிரி வைக்கோலை மழை படாமல், தீப்பிடிக்காமல் சேமிக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஹெமிசெல்லுலோஸில் இருந்து வரும் சைலோஸ் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடவே தொடாது. அதற்குத் தனியாக மாற்றியமைத்த ஈஸ்ட் வேண்டும்.

பிரேசில் இதில் கொஞ்சம் புத்திசாலித்தனமான இடத்தைப் பிடித்தது. அங்கே கரும்புச் சக்கை ஏற்கெனவே சர்க்கரை ஆலை வாசலில் குவிந்திருக்கிறது. வயல் வயலாகப் போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை. ரெய்சன் நிறுவனம் ஆண்டுக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் திறன் கொண்ட ஆலையை 2024-ல் சாவ் பாலோ மாநிலத்தில் திறந்தது இந்தக் கணக்கை நம்பித்தான்.

நம்ம ஊர் வைக்கோல் போகுமா?

தமிழ்நாட்டில் வைக்கோலுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. டெல்டாவில் அறுவடை இயந்திரம் போன பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம் வருகிறது. கட்டு விலைக்குப் போகிறது, மாடு தின்கிறது. கரும்புச் சக்கையும் சும்மா கிடப்பதில்லை. சர்க்கரை ஆலைகளிலேயே மின்சாரம் தயாரிக்க எரிகிறது, காகிதத்துக்கும் போகிறது.

பஞ்சாபில் நிலைமை வேறு. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான். சிலிக்கா நிறைந்த நெல் வைக்கோலை யாரும் பெரிதாகச் சீண்டுவதில்லை. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் கொண்டுவந்த சட்டத்தால் நெல் நடவு தள்ளிப்போகிறது. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று வாரம்தான் கிடைக்கிறது. கையில் தீப்பெட்டிதான் மலிவான இயந்திரம்.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கு?

மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 150 லிட்டர். ஒரு லிட்டருக்கு என்சைம் செலவு 1 ரூபாய் குறைந்தால், ஒரு டன் வைக்கோலில் 150 ரூபாய் மிச்சம். 10 ரூபாய் குறைந்தால் 1,500 ரூபாய்.

பஞ்சாபில் ஒரு ஏக்கரில் இரண்டு டன்னுக்கு மேல் வைக்கோல் வரும். மிச்சமாகும் அந்தத் தொகையில் ஒரு பகுதி வைக்கோல் விலையாக வயலுக்கு வந்தால்கூட, கட்டு கட்டும் கூலியும் டிராக்டர் வாடகையும் அதில் அடைபடும். எரிக்காதே என்று அபராதம் போடுவதைவிட, எரித்தால் எனக்குத்தான் நஷ்டம் என்று விவசாயியே நினைக்கும் நிலை அப்போதுதான் வரும்.

மிச்சம் முழுதும் ஆலைக்கோ, எண்ணெய் நிறுவனத்துக்கோ போய்விட்டால் வயலில் எதுவும் மாறாது. இது விஞ்ஞானிகள் கையில் இல்லாத, கொள்கை முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

அரசு என்ன செய்கிறது? இனி எதைக் கவனிக்கணும்?

2ஜி ஆலைகளுக்கு உதவ மத்திய அரசு 2019-ல் பிரதமர் ஜி-வன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒதுக்கீடு 1,969.5 கோடி ரூபாய். வணிக அளவிலான ஓர் ஆலைக்கு அதிகபட்சம் 150 கோடி வரை உதவி. 2024-ல் இந்தத் திட்டம் 2028-29 வரை நீட்டிக்கப்பட்டது. அசாமின் நுமாலிகரில் மூங்கிலில் இருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால் இந்த உதவி பெரும்பாலும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்தான். என்சைம் ஒருமுறை வாங்கி வைக்கும் இயந்திரம் இல்லை. ஆலை ஓடும் ஒவ்வொரு நாளும் வாங்க வேண்டிய பொருள். அது வெளிநாட்டு நிறுவனங்களின் விலைப்பட்டியலில் இருக்கும் வரை, கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் என்சைம் இறக்குமதியில் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

அதனால் அடுத்த முறை புதிய 2ஜி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்ற செய்தியைப் பார்த்தால், எத்தனை கோடி செலவு என்பதோடு நிறுத்த வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு டன்னுக்கு உண்மையில் எத்தனை லிட்டர் வருது? என்சைமை எங்கே, யார் தயாரிக்கிறார்கள்? வைக்கோலுக்கு விவசாயி கையில் எவ்வளவு கிடைக்குது?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் ஒன்றாகக் கிடைக்கும் வருடம், நவம்பர் மாத டிவியில் அந்தப் புகைக் காட்சி குறையத் தொடங்கும்.